எச்.இ.ஐ. போட்டதிலிருந்து மிஸ் அடிக்கிறதா? பழைய செவர்லே டிரக்கில் எந்த அறிகுறிக்கு எங்கே தேடுவது

பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டரை, அதாவது பிளக்குகளுக்கு முறைப்படி பொறியைப் பங்கிடும் சாமானைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, எச்.இ.ஐ. (ஹை எனர்ஜி இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றை மாட்டி, இனிமேல் ஃபீலர் கேஜைத் தூக்கிக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட வேண்டாம் என்ற நிம்மதியோடு சாவியைத் திருப்பினால், நேற்று வரை ஓரளவு ஒழுங்காக ஓடிய இன்ஜின் இன்று மிஸ் அடிக்கிறது, அதாவது நடுநடுவே வெடிப்பைத் தவறவிடுகிறது. எனக்கு நடந்தது இதுதான். வண்டி 1972 செவர்லே சி10, இன்ஜின் 350 வி8, இருப்பது டெக்சாஸில். இரண்டு சனி, ஞாயிறுகளைக் கார்புரேட்டரில் தொலைத்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை.

நம் ஊரில் லாரி, டிரக் என்றாலே டீசல், அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அமெரிக்காவில் டிரக் என்றால் பெரும்பாலும் பெட்ரோல் பிக்கப்தான் ஞாபகத்துக்கு வரும். அம்பாசடர் வைத்திருந்தவர்களுக்குப் பாயிண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, எமரித் தாளால் தேய்த்துத் தேய்த்தே அதன் ஆயுளை முடித்தவர்கள் நாம். அதே பாயிண்ட், அதே கண்டென்சர்தான் இந்த டிரக்குகளிலும். செவர்லேயின் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் 1974இல் சில வண்டிகளில் ஹை எனர்ஜி இக்னிஷனைக் கொடுத்து, 1975இல் எல்லா வண்டிகளுக்கும் கொண்டுவந்துவிட்டது. பாயிண்ட் செய்த வேலையை ஒரு சின்ன எலக்ட்ரானிக் மாட்யூல் செய்கிறது. வி8 மாடலில், பொறிக்கான உயர் வோல்ட்டேஜைத் தரும் காயிலும் கேப்பின் (டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின்) மேலேயே உட்கார்ந்திருக்கும். 1974க்கு முந்தைய வண்டியில் அதை அப்படியே இறக்கி மாட்டிவிடலாம் என்பதால்தான் எல்லோரும் இதைச் செய்கிறோம்.

மாட்டுவது சுலபம்தான். ஆனால் புதுச் சாமானைச் சுற்றியிருப்பதெல்லாம் பழசு: ஒயர், பிளக், வேக்கம் ஹோஸ், எர்த், எல்லாமே பாயிண்டுக்காகக் கணக்குப் போட்டு வைத்தவை. மிஸ்ஸிங்கின் காரணம் பெரும்பாலும் புதுசும் பழசும் சேருகிற இடத்தில்தான் இருக்கும். அதனால் மிஸ் எப்போது வருகிறது என்பதை முதலில் கவனியுங்கள். ஸ்டார்ட் பண்ணும்போதா, ஐட்லிலா, வேகம் பிடிக்கும்போதா, சூடேறிய பிறகா? அதுவே பாதி விடை. அதுவரை கார்புரேட்டர் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். ஒரு தப்பு இருந்த இடத்தில் இரண்டு தப்பாகிவிடும், எது எதனால் வந்தது என்று அப்புறம் பிரித்துப் பார்க்கவே முடியாது.

கையோடு வேண்டியவை ஒரு மல்டிமீட்டர், டைமிங் லைட், பிளக் ஒயரின் நடுவில் மாட்டும் ஸ்பார்க் டெஸ்டர். ஓடுகிற இன்ஜினில் பிளக் ஒயரைக் கையால் பிடுங்கிக் கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். இது பழைய காயில் மாதிரி சுள்ளென்று கடித்துவிட்டு விடாது, 30,000 வோல்ட்டுக்கு மேல் போகும். தவிர, போக வழியில்லாத கரண்ட் ரோட்டாரையோ (கேப்புக்குள் சுற்றிப் பொறியைப் பங்கிடும் கை) மாட்யூலையோ துளைத்துக்கொண்டு வெளியே போகும்.

செல்ஃப் சுற்றுகிறது, பற்றவில்லை, கார்புரேட்டர் வழியாகத் துப்புகிறது

கரண்ட் வருகிறது, நேரம்தான் தப்பு. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று. அதனால் கிராங்க் முனையில் இருக்கும் டைமிங் குறி பூஜ்யத்தில் நிற்பதைப் பார்த்து மாட்டியிருந்தாலும், முதல் சிலிண்டர் அமுக்கத்தில் இருந்ததா, புகையை வெளியே தள்ளும் சுற்றில் இருந்ததா என்பது குறியை வைத்துத் தெரியாது. இரண்டாவதில் மாட்டிவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் சரியாக 180 டிகிரி தள்ளி நிற்கும்.

இக்னிஷனுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக்கை எடுத்துவிட்டு, துளையை விரலால் மூடிக்கொள்ளுங்கள். அது ஓட்டுநர் பக்கம், ரேடியேட்டரை ஒட்டி முதலில் இருப்பது. இங்கே ஓட்டுநர் பக்கம் என்றால் இடப்பக்கம். வேறு ஒருவரை விட்டு செல்ஃபைத் தட்டித் தட்டிச் சுற்றச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளும் சுற்றில் குறியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் ரோட்டார் கேப்பில் முதல் சிலிண்டரின் முனையைப் பார்த்து நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் பார்த்தால் விஷயம் புரிந்துவிட்டது.

ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான். அடியில் இருக்கும் சக்கரத்துக்கு 13 பல், ஆகவே ஒரு பல் என்றால் டிஸ்ட்ரிபியூட்டரில் கிட்டத்தட்ட 28 டிகிரி, கிராங்கில் 55. டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பைத் திருப்பி அதைச் சரிக்கட்டலாம், ஆனால் எச்.இ.ஐ. கேப் பெரிசு, வேக்கம் டப்பா (இன்ஜின் உறிஞ்சும் விசையால் பொறி நேரத்தை முன்னே தள்ளும் வேக்கம் அட்வான்ஸ்) பின்சுவரிலோ மேனிஃபோல்டிலோ முட்டி நின்றுவிடும். முட்டினால் இழுத்துப் பிடிக்க வேண்டாம், எடுத்து ஒரு பல் மாற்றி இறக்குங்கள்.

இன்னொன்று. டிஸ்ட்ரிபியூட்டரின் அடிமுனைதான் ஆயில் பம்பையும் சுற்றுகிறது. அந்தத் தண்டின் வாய் பொருந்தாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் கொஞ்சம் உயரமாக நிற்கும். கிளாம்பை முறுக்கி உட்கார வைத்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம், அங்கே உடைவது டிஸ்ட்ரிபியூட்டரோடு நிற்காது. மேலே லேசாகக் கையை வைத்து அமுக்கிக்கொண்டு செல்ஃபை இரண்டு தட்டுத் தட்டினால் தானாகவே விழுந்து உட்காரும்.

செல்ஃப் சுற்றும்போது பற்றுகிறது, சாவியை விட்டதும் நின்றுவிடுகிறது

இது நேரடியான ஒயரிங் கோளாறு. பழைய காயிலின் பாசிட்டிவ் முனைக்கு இரண்டு வழியாகக் கரண்ட் வந்துகொண்டிருந்தது. ஒன்று செல்ஃப் சொலினாய்டிலிருந்து (செல்ஃப் மோட்டார் மேல் இருக்கும் மின்காந்த சுவிட்ச்) வரும் மஞ்சள் ஒயர், அது சுற்றும்போது மட்டும் முழு 12 வோல்ட் கொடுக்கும். மற்றது சாவியிலிருந்து வருவது, ஓடும்போது கொடுப்பது. பற்றிவிட்டு நிற்கிறது என்றால் இரண்டாவது வழி அறுந்திருக்கிறது, அல்லது நீங்கள் மஞ்சள் ஒயரை மட்டும் எடுத்து எச்.இ.ஐ.க்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. சுற்றிக்கொண்டே இருக்கும்போது பற்றாது, கைவிட்டு சாவியைத் தளர்த்துகிற அந்த நொடியில் ஒரு உறுமல் உறுமும். அப்படியென்றால் ஃப்யூஸ் பெட்டியில் ரேடியோ, ஹீட்டருக்கான முனையிலிருந்து கரண்ட் எடுத்திருக்கிறீர்கள். செல்ஃப் சுற்றும்போது அது அணைந்துவிடும். சாவி ஓடும் நிலையில் இருந்தாலும் சுற்றும் நிலையில் இருந்தாலும் உயிரோடு இருக்கும் இக்னிஷன் முனைதான் வேண்டும்.

ஐட்லில் பரவாயில்லை, இழுக்கும்போதும் வேகத்திலும் மிஸ்

என் வண்டிக்கு இருந்த நோய் இது. மேம்பாலம் ஏறும்போது திக்கித் திணறும், 3000 ஆர்.பி.எம். தாண்டினால் சைலன்சரில் படபடவென்று வெடிக்கும், காலைத் தளர்த்தினால் சாதுவாகிவிடும். பார்ப்பவர் யாரும் பெட்ரோல் போதவில்லை என்றுதான் சொல்வார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டு ஃப்யூவல் ஃபில்டரை மாற்றி, ஃப்ளோட்டை அளந்து, ஜெட்டைக் கழற்றி ஊதி, மறுபடி மாட்டி, அதே மேம்பாலத்துக்குப் போய் அதே மாதிரி திணறிவிட்டுத் திரும்பினேன்.

பாயிண்ட் வண்டியில் சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் ஒயர் சாதாரண ஒயர் இல்லை. துணி சுற்றியது போல இருக்கும் அந்த ஒயரே ஒரு தடை, சுமார் ஒன்றரை ஓம். பாயிண்ட் சீக்கிரம் கருகிவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்தது. இதில் 3 ஆம்பியர் ஓடினால் 4.5 வோல்ட் ஒயரிலேயே தீர்ந்துவிடும். பழைய காயிலுக்கு மிச்சம் போதும். எச்.இ.ஐ.க்குப் போதாது, அதற்கு பேட்டரியின் முழு வோல்ட்டேஜும் வேண்டும்.

அப்படியானால் ஐட்லில் மட்டும் எப்படிச் சமாளிக்கிறது? எட்டு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு நான்கு பொறி. 600 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 40 பொறி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 25 மில்லிசெகண்ட் அவகாசம் இருப்பதால் குறைந்த வோல்ட்டேஜிலும் காயில் ஒருவழியாக நிறைந்துவிடும். 4000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 266 பொறி, அவகாசம் 4 மில்லிசெகண்டுக்கும் கீழே. குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தால் குடம் நிறைய நேரமாகும், வரிசையில் நிற்பவர் அதற்குள் குடத்தை இழுத்துவிட்டால் அரைக்குடம்தான். இழுவை அதிகமாகும்போது சிலிண்டருக்குள் அழுத்தமும் ஏறுகிறது, அங்கே பொறி தாண்ட இன்னும் கூடுதல் வோல்ட்டேஜ் வேண்டும். ஆக, தேவை ஏறுகிற அதே நேரத்தில் வரவு குறைகிறது.

சரி, அளந்து பார்த்தால் தெரிந்துவிடாதா? நானும் அளந்தேன். சாவியைப் போட்டு, இன்ஜின் ஓடாமல், கேப்பில் பேட் (BAT, பேட்டரி) என்று எழுதிய முனையில் மீட்டரை வைத்தேன், 12.4 காட்டியது. ஒயர் நல்ல ஒயர் என்று முடிவுகட்டிவிட்டேன். அந்த இரண்டு வாரமும் வீணானது இந்த ஓர் அளவீட்டால்தான். இன்ஜின் சுற்றாதபோது மாட்யூல் காயிலை அணைத்து வைத்திருக்கும், ஒயரில் கரண்டே ஓடாது. கரண்ட் ஓடாத தடையில் வோல்ட்டேஜ் விழாது. மீட்டர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு அளந்தபோது பேட்டரியில் 14, பேட் முனையில் 9க்குக் கீழே. அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே யோசிக்க வேண்டும்.

ஃப்யூஸ் பெட்டியின் இக்னிஷன் முனையிலிருந்து 12 கேஜ் ஒயர் ஒன்றைப் புதிதாக இழுத்தேன். மேம்பாலம் அன்றைக்கே ஏறியது. சாவி சுவிட்சும் பழசு, அதன் வழியாக இவ்வளவு கரண்ட் போக வேண்டாம் என்று நினைத்தால் ஒரு ரிலே போடுங்கள். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்து ரிலே வழியாக எச்.இ.ஐ.க்கு ஒரு ஒயர், ரிலேயைத் தட்டி எழுப்ப அந்தப் பழைய துணி ஒயரே போதும். ரிலே குடிப்பது துளிக் கரண்ட், ஒன்றரை ஓம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மஞ்சள் ஒயரை மட்டும் மறக்காதீர்கள். பழைய ஒயர் செல்ஃப் சுற்றும்போதும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மஞ்சளையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.

வோல்ட்டேஜ் சரியாக இருந்தும் வேகத்தில் மட்டும் மிஸ் என்றால் பிளக் இடைவெளியைப் பாருங்கள். பாயிண்டுக்கு 0.035 அங்குலம், எச்.இ.ஐ.க்கு பொதுவாக 0.045. தொடக்கத்தில் சில இன்ஜின்களுக்கு 0.060 வரை கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு கம்பெனியே இறங்கி வந்தது. இணையத்தில் அகலமாக வைத்தால் பவர் கூடும் என்று யாராவது எழுதியிருப்பார்கள். அகலம் கூடக் கூட ரோட்டார், கேப், ஒயர் எல்லாவற்றின் மேலும் வோல்ட்டேஜ் சுமை ஏறும், அவ்வளவுதான்.

எப்போதும் ஒரே தாளத்தில் மிஸ்: டுக் டுக் டுக் என்று ஒரு சிலிண்டர் செத்த மாதிரி

ஒரு சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. எது என்று கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு வாயிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டுவது. செத்த சிலிண்டரின் வாய் மட்டும் சூடேறாமல் இருக்கும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒவ்வொரு வாயிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், தோசைக்கல்லில் தெளித்துப் பார்ப்பது போலத்தான், சுர்ரென்று பறக்காத இடம் உங்கள் ஆள்.

இரண்டு சிலிண்டர் சேர்ந்து செத்திருந்தால் ஒயர் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த இன்ஜினின் வரிசை 1-8-4-3-6-5-7-2, ரோட்டார் மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று. ஓட்டுநர் பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. மறுபக்கம் 2, 4, 6, 8. வாயால் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு ஒயராக விரலால் தடவிப் போய்ப் பாருங்கள். கண்ணால் மட்டும் பார்த்தால் மனசு தான் நினைத்ததையே பார்க்கும்.

வரிசை சரியாக இருந்தும் 7ஆம் சிலிண்டர் பக்கம் கோளாறு என்றால் சங்கதி சுவாரசியமானது. வரிசையில் 5, 7 அடுத்தடுத்து வெடிப்பவை, இன்ஜினிலும் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டு ஒயரையும் ஒரே கிளிப்பில் ஒட்டி ஓட்டினால், 5இல் கரண்ட் போகும்போது 7இன் ஒயரிலும் தூண்டலால் ஒரு பொறி கிளம்பும், 7 அப்போதுதான் அமுக்கத் தொடங்கியிருக்கும். நேரத்துக்கு முன்னால் வெடிப்பதால் மிஸ் மட்டுமில்லை, தட்டும் சத்தமும் வரும், விட்டால் பிஸ்டனுக்கே ஆபத்து. பாயிண்டில் அவ்வளவாகத் தெரியாதது எச்.இ.ஐ.யில் தெரிய வரும். இரண்டு ஒயரையும் பிரித்து, நடுவில் வேறொரு ஒயரை விட்டு ஓட்டுங்கள், குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் கூட்டல் குறி போலக் கடக்கட்டும்.

ஒயர் செட் புதிதுதான் வாங்கியிருப்பீர்கள், ஏனென்றால் பழைய கேப்பில் ஒயர் உள்ளே சொருகும், எச்.இ.ஐ. கேப்பில் பிளக் முனை போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பழையது சேராது. புதிதாக இருந்தாலும் எட்டையும் ஓம் அளந்து பாருங்கள். நீளத்துக்கு ஏற்ப ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும், ஒன்று மட்டும் தறிகெட்டு நின்றால் அதைத் தூக்கிப் போடுங்கள். வெறும் செம்புக் கம்பி ஒயரை இதில் போடாதீர்கள், ரேடியோ கரகரப்பதோடு மாட்யூலையும் குழப்பும். பிளக் பக்கத்து ரப்பர் தொப்பி மேனிஃபோல்டில் உரசிக் கருகியிருக்கிறதா என்று பார்ப்பதும் இதோடு சேர்த்தி.

காலை அழுத்துகிற அந்த நொடியில் மட்டும் ஒரு வெட்டு

இது பிக்கப் காயில், தண்டு சுற்றுவதை உணர்ந்து எப்போது பொறி வேண்டும் என்று மாட்யூலுக்குச் சொல்வது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மாட்யூலுக்குப் போகும் மெல்லிய இரட்டை ஒயர். வேக்கம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் அந்தத் தட்டு அசைகிறது, ஒயரும் கூடவே வளைகிறது. வளைந்து வளைந்து உள்ளே கம்பி முறிந்து, வெளியே உறை மட்டும் முழுசாக இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரை வாங்கிப் போட்டவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இரண்டு ஒயரையும் மாட்யூலிலிருந்து பிடுங்கி ஓம் அளக்கவும், 500க்கும் 1500க்கும் இடையில் எங்கேயாவது அசையாமல் நிற்க வேண்டும். அப்புறம் மீட்டரைப் பார்த்துக்கொண்டே வேக்கம் ஹோஸை வாயால் உறிஞ்சி தட்டை அசையுங்கள், ஒயரையும் விரலால் ஆட்டுங்கள். எண் துள்ளினால் மாற்ற வேண்டியதுதான். மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்து, அடிச் சக்கரத்தின் ஆணியைத் தட்டி, தண்டையே உருவ வேண்டும் என்பது கசப்பான செய்தி. எடுக்கும் முன் ரோட்டார் நிற்கும் திசையைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது லேசாகக் குலுக்கல்

மிஸ் மாதிரியே இருக்கும், மிஸ் இல்லை. புது டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் டப்பா, மெக்கானிக்கல் அட்வான்ஸோடு (வேகம் ஏற ஏற எடைக்கட்டிகளால் பொறியை முன்னே தள்ளுவது) சேர்ந்து டைமிங்கை அளவுக்கு மீறி முன்னே தள்ளுகிறது. ஹோஸைக் கழற்றி, வாயை அடைத்துவிட்டு, அதே சாலையில் ஒரு ஓட்டம் ஓட்டுங்கள். குலுக்கல் போனால், எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று கட்டுப்படுத்தக்கூடிய டப்பா ஒன்றை வாங்கி 10 டிகிரி அளவில் நிறுத்துங்கள்.

டைமிங் பார்க்கும்போதும் ஹோஸ் கழன்று, வாய் அடைபட்டு இருக்க வேண்டும். ஐட்லில் 8 முதல் 12 டிகிரி, வேகம் ஏற்றினால் மொத்தம் 34, 36க்குள் நிற்பது பெரும்பாலான 350களுக்கு ஒத்துவரும். இதில் ஒரு சூது உண்டு. கிராங்க் முனையில் இருக்கும் பேலன்சரின் வெளிவளையம் ரப்பரில் ஒட்டியிருப்பது, ஐம்பது வருஷ ரப்பர் வழுக்கி வளையம் நகர்ந்திருந்தால் குறியே பொய். எல்லாம் சரியாக வைத்தும் இன்ஜின் கேட்கவில்லை என்றால், பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பை மாட்டி உண்மையான உச்சியைக் கண்டுபிடித்துச் சரிபார்த்துவிடுங்கள்.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, சூடேறியதும் மிஸ் அடித்து நிற்கிறது. ஆறினால் மறுபடி ஓடுகிறது

மாட்யூல். அது தன் சூட்டை டிஸ்ட்ரிபியூட்டரின் உலோக உடம்பில்தான் இறக்கி வைக்க வேண்டும், நடுவில் சூடு கடத்தும் சிலிக்கான் கிரீஸ் இருந்தால்தான் அது நடக்கும். மலிவான டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றைப் பிரித்தபோது மாட்யூலுக்கு அடியில் துளிக் கிரீஸ்கூட இல்லை, விரலில் ஒட்டியது மெஷின் தூசிதான். ஸ்க்ரூ இரண்டையும் கழற்றி, இரு பக்கமும் துடைத்து, மெல்லிசாக ஒரு பூச்சு பூசி மாட்டுங்கள். அந்த ஸ்க்ரூக்கள்தான் மாட்யூலுக்கு எர்த்தும், அதனால் இறுக்கமாக இருக்கட்டும். ஏற்கெனவே பலமுறை வெந்துபோன மாட்யூலுக்குக் கிரீஸ் பூசிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். வண்டியில் ஒரு ஸ்பேரும், அதைக் கழற்றும் ஸ்க்ரூ டிரைவரும் எப்போதும் என் டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கும்.

மழையிலும் பனி ஈரத்திலும் மட்டும்

இருட்டில் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, செடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயரால் ஒயர்கள் மேல் பனி மாதிரி தண்ணீர் தூவுங்கள். கசியும் இடத்தில் நீலமாகக் கோடு ஓடும். கையைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

எதுவும் தெரியாவிட்டால் கேப்பைத் திறந்து ரோட்டாரை எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். நடுவில் மிளகு அளவில் கருகிய புள்ளி இருந்தால், கரண்ட் பிளக்குக்குப் போகாமல் ரோட்டாரைத் துளைத்துக்கொண்டு நேராகத் தண்டில் இறங்கிக்கொண்டிருக்கிறது. புதிய ரோட்டார் போட்டும் திரும்பத் திரும்ப இதே ஆனால், கேப்பில் காயிலுக்கு அடியில் இருக்க வேண்டிய சின்ன எர்த் பட்டை மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காயிலை இடம் மாற்றும்போது அது பழைய கேப்பிலேயே தங்கிவிடுவது வழக்கம். காயிலின் கரண்டை ரோட்டாருக்குக் கொடுக்கும் கார்பன் பொத்தானும் அதன் ஸ்பிரிங்கும் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஐட்லில் மட்டும் மிஸ், வேகமெடுத்தால் சரியாகிவிடுகிறது

இக்னிஷனை விட்டுவிட்டு காற்றைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கும்போது பின்பக்கத்தில் இருக்கும் காய்ந்த ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் முழங்கையால் இடித்திருப்பீர்கள். ஏதாவது ஒன்று கழன்றோ கீறியோ இருக்கும். வேக்கம் அட்வான்ஸுக்கான ஹோஸையே மாட்ட மறந்து, கார்புரேட்டர் பக்கத்து வாய் திறந்து கிடப்பதும் உண்டு. வேக்கம் கேஜ் மாட்டினால் நல்ல நிலையில் இருக்கும் இன்ஜின் ஐட்லில் 17 முதல் 21 அங்குலத்தில் (பாதரச அளவு) முள்ளை ஆடாமல் நிறுத்தும். அதற்குக் கீழே தாழ்ந்து நின்றால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது.

இத்தனையும் பார்த்து அதே சிலிண்டர் அடம்பிடித்தால் கம்ப்ரஷன் கேஜை எடுக்க வேண்டியதுதான். மிகக் குறைந்த சிலிண்டர் மிக அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால் வால்வோ ரிங்கோ போயிருக்கிறது. பாயிண்ட் இருந்த காலத்திலும் அது அப்படியேதான் இருந்திருக்கும், அப்போது நீங்கள் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டீர்கள்.